வெளிநாட்டில் ஆங்கில இலக்கிய மேற்படிப்பு: விண்ணப்பத்தை எங்கிருந்து தொடங்குவது?

வெளிநாட்டில் ஆங்கில இலக்கியம் பயில விரும்புவோரில் பெரும்பாலோர் முதலில் தயாரிப்பது பல்கலைக்கழகங்களின் பட்டியலைத்தான். தரவரிசையைப் பார்த்துப் பத்துப் பெயர்களை எழுதிக்கொள்கிறார்கள். ஒவ்வொன்றின் கடைசித் தேதியையும் குறித்துக்கொள்கிறார்கள். அதன் பிறகே, ஏன் படிக்க விரும்புகிறோம் என்று விளக்கும் நோக்க அறிக்கையில் என்ன எழுதுவது என்று யோசிக்கத் தொடங்குகிறார்கள். பொறியியலுக்கோ மேலாண்மைக்கோ இந்த வரிசை ஒருவேளை ஒத்துவரலாம். இலக்கியத்துக்கு ஒத்துவராது. விண்ணப்பதாரர் எதைப் படித்திருக்கிறார், படித்ததிலிருந்து என்ன கேள்வி எழுப்புகிறார், அந்தக் கேள்வியைப் பிரதிக்குள், அதாவது படிக்கும் படைப்புக்குள், எவ்வளவு தூரம் கொண்டுசெல்லத் தெரிந்தவர் என்பதைத்தான் இத்துறையின் சேர்க்கைக் குழு எடைபோடுகிறது. ஆகவே கேள்வி முதலில் வரவேண்டும். அதை ஒட்டி, விண்ணப்பத்தோடு அனுப்பும் மாதிரிக் கட்டுரையும், அவ்விரண்டும் சுட்டும் திசையில் துறைகளின் பட்டியலும் அமையவேண்டும். படிவங்களும் சான்றிதழ்களும் கடைசியில் வந்தால் போதும். அவற்றுக்குக் கவனம் தேவையே தவிர, சிந்தனை அதிகம் தேவைப்படுவதில்லை.

பரப்பும் கேள்வியும்

"பின்காலனிய இலக்கியத்தில் எனக்கு ஆழ்ந்த ஈடுபாடு உண்டு" என்ற வாக்கியம் ஒரு பரப்பைச் சுட்டுகிறது. அதில் கேள்வி எதுவும் இல்லை. இதே வாக்கியத்தை அதே ஆண்டில் இன்னும் பலர் எழுதியிருப்பார்கள். மாறாக, ஓர் எடுத்துக்காட்டைப் பார்க்கலாம். பிபிசி 1943 முதல் 1958 வரை 'கரீபியன் வாய்சஸ்' என்ற நிகழ்ச்சியை நடத்தியது. மேற்கிந்தியத் தீவுகளின் எழுத்தாளர்கள் அனுப்பிய கவிதைகளும் சிறுகதைகளும் லண்டனில் வாசிக்கப்பட்டு, மீண்டும் அந்தத் தீவுகளுக்கே ஒலிபரப்பப்பட்டன. செவிவழிச் சேரவேண்டும் என்ற கட்டாயம் அந்தச் சிறுகதைகளில் வட்டாரப் பேச்சுமொழி இடம்பெறும் விதத்தை மாற்றியதா என்று ஒருவர் கேட்டால், அது கேள்வி. எந்தப் பிரதிகளைப் படிக்கவேண்டும் என்பதை அது தானாகவே வரையறுத்துவிடுகிறது. இன்னின்னார் இதுபற்றி எழுதியிருக்கிறார்கள், இன்ன பகுதியை அவர்கள் தொடவில்லை என்று தேடவைக்கிறது. நிகழ்ச்சியின் எழுத்துப்படிகள் ரெடிங் அருகே கேவர்ஷமில் உள்ள பிபிசி எழுத்து ஆவணக் காப்பகத்தில் இருப்பதால், எந்த ஊரில் படிப்பது பயன் தரும் என்பதைக்கூட அது ஓரளவு சொல்லிவிடுகிறது.

முதுகலைக்கு விண்ணப்பிப்பவரின் கேள்வி இவ்வளவு கூர்மையாக இருக்கவேண்டும் என்று எவரும் எதிர்பார்ப்பதில்லை. இரண்டு மூன்று வாக்கியங்களில் சொல்லக்கூடிய ஒரு சிக்கல் கையில் இருந்தால் போதும். முனைவர் பட்டத்துக்கு இந்தக் கூர்மை அவசியம். கேள்வி கிடைக்காமல் தவிப்பவர்கள் கோட்பாட்டு நூல்களில் அதைத் தேடுவதைக் காட்டிலும், தாங்கள் ஏற்கெனவே எழுதிய பாடக் கட்டுரைகளை மறுபடி படித்துப் பார்ப்பது நல்லது. மூன்று நான்கு கட்டுரைகளில் திரும்பத் திரும்பத் தலைகாட்டும் ஒரு கவலை, அது கதைசொல்லியின் நம்பகத்தன்மையோ, கடித வடிவமோ, பதிப்பு வேறுபாடுகளோ, எதுவாயினும் அங்கேதான் பெரும்பாலும் கேள்வி ஒளிந்திருக்கும்.

நாட்டுக்கு நாடு மாறும் பட்டங்கள்

பிரிட்டனில் முதுகலை பொதுவாக ஓராண்டுப் படிப்பு. பட்டத்தின் பெயர் இடத்துக்கு இடம் மாறுவதைக் கண்டு குழம்பவேண்டியதில்லை. பல இடங்களில் எம்.ஏ. என்றும், ஆக்ஸ்போர்டில் எம்.எஸ்டி. என்றும், கேம்பிரிட்ஜில் எம்.ஃபில். என்றும், செயின்ட் ஆண்ட்ரூஸில் எம்.லிட். என்றும் வழங்குகிறார்கள், எடின்பரோவில் இலக்கியத்துக்கே எம்.எஸ்சி. பட்டம் தருகிறார்கள். எல்லாம் ஒரே படிநிலைதான். ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் படிப்புகள் ஒன்பது மாதங்களில் முடிந்துவிடுகின்றன. மற்ற இடங்களில் பெரும்பாலும் 180 கிரெடிட். அதில் 60 ஆய்வேட்டுக்கு. ஆய்வேடு 12,000 முதல் 15,000 சொற்கள் வரை இருக்கும். செப்டம்பர் இறுதியில் வந்து சேர்பவர், ஊரும் நூலகமும் பழகுவதற்குள் ஆய்வேட்டுத் தலைப்பைச் சொல்லவேண்டிய வேகம் இது. அதே பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டத்தைத் தொடர விரும்பினால், முதல் பருவம் முடிவதற்கு முன்பே அந்த விண்ணப்பத்தையும் எழுதவேண்டியிருக்கும். கேள்வியோடு வராதவர்கள் திணறுவது இங்கேதான்.

அமெரிக்காவின் அமைப்பே வேறு. அங்கே இளங்கலை முடித்தவர் நேரடியாக முனைவர் பட்டப் படிப்புக்கு விண்ணப்பிக்கலாம். முதுகலைப் பட்டம் வழியில் கிடைக்கும். ஐந்து ஆண்டுகள் என்று சொன்னாலும் நடைமுறையில் ஆறு, ஏழு ஆண்டுகள் ஆவது சாதாரணம். முதல் இரண்டு ஆண்டுகள் வகுப்புகள், பிறகு தகுதித் தேர்வு, அதன் பின்னரே ஆய்வேடு. நல்ல துறைகள் கல்விக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்து, மருத்துவக் காப்பீடும் மாதாந்தர உதவித்தொகையும் தருகின்றன. பதிலுக்கு இளங்கலை மாணவர்களுக்கு எழுத்துப்பயிற்சி வகுப்பு எடுக்கவேண்டும். தனியாக நடத்தப்படும் முதுகலைப் படிப்புகளுக்கு இத்தகைய ஆதரவு குறைவு.

கனடாவில் பெரும்பாலான துறைகள் முதுகலை முடித்த பின்னரே முனைவர் பட்டத்துக்கு எடுக்கின்றன. ஆனால் அங்கே முதுகலை மாணவர்களுக்கும் உதவி ஆசிரியர் பணி கிடைக்கும் வாய்ப்பு உண்டு என்பதைப் பலர் கவனிப்பதில்லை. ஆஸ்திரேலியாவில் ஆய்வுப் பட்டத்துக்குச் சேர அந்நாட்டு மாணவர்கள் ஆய்வேட்டுடன் கூடிய ஆனர்ஸ் ஆண்டு ஒன்றை முடித்திருப்பார்கள். வெளியிலிருந்து வருபவரும் அதற்கு நிகரான ஆய்வு அனுபவத்தைக் காட்டவேண்டும். இறுதியாண்டில் எழுதிய ஆய்வேட்டின் அளவையும் மதிப்பெண்ணையும் தனியே குறிப்பிடுவது இதற்கு உதவும். அயர்லாந்து, ஐரிஷ் எழுத்தைப் படிக்க நினைப்பவர்களுக்கு இயல்பான இடம். ஜெர்மனியில் ஆங்கில வழியிலேயே ஆங்கில இலக்கிய முதுகலை படிக்கலாம். பெரும்பாலான மாநிலங்களின் அரசுப் பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணம் இல்லை. பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலத்தில் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருபவர்கள் பருவத்துக்கு 1,500 யூரோ செலுத்தவேண்டும். ஜெர்மனியைப் பட்டியலில் சேர்க்காமல் விடுவது சிக்கனமான முடிவல்ல என்பது என் கருத்து.

துறையைத் தேர்ந்தெடுத்தல்

தரவரிசை ஒட்டுமொத்தப் பல்கலைக்கழகத்தைப் பற்றி ஏதோ சொல்கிறது. குறிப்பிட்ட நூற்றாண்டில் குறிப்பிட்ட இலக்கிய வகையைப் பற்றி நெறிப்படுத்த அங்கே யார் இருக்கிறார் என்பதைச் சொல்வதில்லை. தேடலைக் கட்டுரைகளிலிருந்து தொடங்குங்கள். உங்கள் கேள்விக்கு அருகில் கடந்த ஐந்தாறு ஆண்டுகளில் வெளிவந்த ஆய்வுக் கட்டுரைகளைத் திரட்டி, அவற்றை எழுதியவர்கள் இப்போது எங்கே பணிபுரிகிறார்கள் என்று பாருங்கள். துறையின் இணையதளத்தில் உள்ள அறிமுகக் குறிப்பை மட்டும் நம்பினால் ஏமாற்றம் நேரலாம். ஓய்வுபெற்ற பேராசிரியர்களின் பெயர் பட்டியலில் நீடிப்பதுண்டு. வேறொரு பல்கலைக்கழகத்துக்குப் போய்விட்டவரின் பக்கம் அழிக்கப்படாமல் இருப்பதுண்டு. ஒரே ஒருவரை நம்பிச் சேருவதும் ஆபத்தானது. உங்கள் கேள்விக்கு அருகில் பணிபுரிபவர் குறைந்தது இருவர் இருக்கும் இடத்தையே பட்டியலில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆவணக் காப்பகங்கள் இன்னொரு வழிகாட்டி. ஐரிஷ் எழுத்தாளர் சாமுவேல் பெக்கெட் பற்றிய ஆய்வுக்கு ரெடிங் பல்கலைக்கழகத்தின் தொகுப்பைத் தவிர்க்க முடியாது. சல்மான் ருஷ்தியின் தாள்கள் அட்லாண்டாவில் எமரி பல்கலைக்கழகத்தில் இருக்கின்றன, நாவலாசிரியர் ஜே.எம்.கூட்ஸியின் கையெழுத்துப் படிகள் ஆஸ்டினில் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஹாரி ரான்சம் மையத்தில் இருக்கின்றன. இவை அங்கே இருக்கின்றன என்பதற்காகவே அங்கே சேரவேண்டும் என்பதில்லை. பல காப்பகங்கள் வெளியாருக்குக் குறுகிய கால ஆய்வு நிதி வழங்குகின்றன. ஆயினும் ஒரு துறைக்கு ஏன் விண்ணப்பிக்கிறீர்கள் என்ற கேள்விக்கு 'உலகப் புகழ்பெற்ற பேராசிரியர்கள்' என்று எழுதுவதைவிட, இன்ன தொகுப்பில் இன்ன பெட்டிகளைப் பார்க்கவேண்டியிருக்கிறது என்று எழுதுபவர் மேல் நம்பிக்கை பிறக்கும்.

பேராசிரியருக்கு மின்னஞ்சல் அனுப்பலாமா என்ற ஐயம் பலருக்கும் உண்டு. பிரிட்டன், ஆஸ்திரேலியா முனைவர் பட்டத்துக்கு அனுப்பவே வேண்டும். நெறியாளர் ஒருவர் ஏற்றுக்கொள்ளாமல் விண்ணப்பம் நகராத இடங்கள் பல. வகுப்புகளை மையமாகக் கொண்ட, கற்பித்தல் முறையிலான முதுகலைக்கு அது தேவையே இல்லை. அமெரிக்க முனைவர் பட்டப் படிப்பில் சேர்க்கையைக் குழுவே முடிவு செய்வதால், அனுப்பாவிட்டாலும் குறையில்லை. அனுப்புவதானால் இருநூறு சொற்களுக்குள் உங்கள் கேள்வி, அவருடைய எந்த எழுத்து உங்களுக்கு எந்த வகையில் பயன்பட்டது, அவர் புதிய மாணவர்களை ஏற்கிறாரா என்ற வினா ஆகிய மூன்றும் போதும். அவரைப் புகழும் பத்தியும் உங்கள் வாழ்க்கைக் குறிப்பின் முழுச் சுருக்கமும் வேண்டாம். மூன்று வாரத்தில் பதில் வராவிட்டால் ஒருமுறை நினைவூட்டலாம். அதற்கு மேல் அவரை விட்டுவிடுங்கள்.

மாதிரிக் கட்டுரை

விண்ணப்பத்தின் உறுப்புகளில் மிகுந்த உழைப்பைக் கேட்பது இதுதான்; பலர் மிகக் குறைந்த நேரம் ஒதுக்குவதும் இதற்குத்தான். மதிப்பெண்கள் ஏற்கெனவே முடிந்துபோனவை. பரிந்துரை அடுத்தவர் எழுதுவது. நோக்க அறிக்கையில் எவரும் எதையும் வாக்களிக்கலாம். செய்து காட்டியிருப்பது மாதிரிக் கட்டுரை ஒன்றே. அமெரிக்கத் துறைகள் 15 முதல் 25 பக்கங்கள் வரை கேட்கும். பிரிட்டனில் 2,000 சொற்களோடு நிறுத்தச் சொல்லும் படிப்புகளும் உண்டு. எனவே ஒரே கட்டுரைக்கு நீண்ட வடிவம் ஒன்றும் குறுகிய வடிவம் ஒன்றும் தயாராக இருக்கவேண்டும். அடிக்குறிப்புகளும் நூற்பட்டியலும் சொல்வரம்பில் சேருமா என்பதை ஒவ்வொரு படிப்பின் அறிவுறுத்தலிலும் தனித்தனியாகப் பாருங்கள். இடத்துக்கு இடம் அது மாறுபடும்.

எதைத் தேர்ந்தெடுப்பது? அதிக மதிப்பெண் பெற்ற கட்டுரையே சிறந்த மாதிரி என்று சொல்லமுடியாது. தலைப்பு நீங்கள் படிக்கப்போகும் காலகட்டத்துக்கு அருகில் இருக்கவேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் விக்டோரிய நாவலைப் பற்றிய கட்டுரையை அனுப்பிவிட்டு நோக்க அறிக்கையில் சமகாலக் கவிதையைப் படிக்கப்போவதாகச் சொன்னால், இரண்டில் எதை நம்புவது என்ற குழப்பம் வாசிப்பவருக்கு எழும். கட்டுரையில் தெளிவான வாதம் ஒன்று இருக்கவேண்டும்; அந்த வாதத்தை எவரேனும் மறுக்க முடியவேண்டும். 'இந்த நாவல் அடையாளச் சிக்கலைச் சித்திரிக்கிறது' என்பதை யாரும் மறுக்கப்போவதில்லை, ஆகவே அது வாதமும் அல்ல. எல்லாவற்றுக்கும் மேலாக, பிரதியின் குறிப்பிட்ட வரிகளோடு பொறுமையாக உரையாடும் பகுதிகள் இரண்டு மூன்றாவது இருக்கவேண்டும். கோட்பாட்டாளரின் பெயர்களை அடுக்கி, அவர்கள் சொன்னதற்குப் பிரதியிலிருந்து உதாரணம் காட்டுவதே பல கட்டுரைகளின் வழக்கம். அதைத் தலைகீழாக்கிப் பாருங்கள்: பிரதியில் எது கோட்பாட்டுக்கு அடங்க மறுக்கிறதோ அதை எடுத்துப் பேசும் பத்திதான் குழுவினரின் கண்ணை நிறுத்தும்.

முதுகலை ஆய்வேட்டிலிருந்து ஒரு இயலை வெட்டி அனுப்புபவர்கள் ஒரு சிக்கலைச் சந்திப்பார்கள். 'முந்தைய இயலில் கண்டவாறு' போன்ற தொடர்கள் அங்கங்கே கிடக்கும். வாதத்தின் பாதி வேறெங்கோ இருக்கும். அந்த இயலைத் தனித்து நிற்கும் கட்டுரையாகத் திருத்தி எழுதவேண்டும். அதற்கும் நேரமில்லையென்றால், எந்த ஆய்வேட்டின் எந்தப் பகுதி இது, முழு ஆய்வின் வாதம் என்ன என்று நான்கைந்து வரிகளில் முகப்பில் குறிப்பு ஒன்றைச் சேர்த்துவிடுங்கள். 40 பக்கத்தை 20 பக்கமாக்கும்போது எல்லாப் பத்திகளையும் சிறிது சிறிதாகக் கத்தரிப்பதைவிட, ஒரு பிரதியைப் பற்றிய பேச்சை முழுவதுமாக நீக்கிவிட்டு எஞ்சியதை ஆழமாக வைத்திருப்பது சிறந்தது.

திருத்தத்தை முதல் பக்கத்திலிருந்து தொடங்குங்கள். நூற்றுக்கணக்கான விண்ணப்பங்களைப் படிப்பவர் முதல் இரண்டு பக்கங்களில் ஒரு மதிப்பீட்டுக்கு வந்துவிடுவார். வாதம் ஐந்தாம் பக்கத்தில்தான் வெளிப்படுகிறது என்றால் அதை முன்னே கொண்டுவாருங்கள். மேற்கோள்களை இணையத்தில் கிடைத்த படியிலிருந்து எடுத்திருந்தால், நம்பத்தக்க பதிப்போடு ஒவ்வொரு வரியாக ஒப்பிடுங்கள். நிறுத்தற்குறி மாறினாலே அர்த்தம் மாறும் என்று கட்டுரை எழுதுபவர் மேற்கோளிலேயே காற்புள்ளியைத் தவறவிட்டால், அதைக் கவனிக்க இந்தத் துறையைவிடப் பொருத்தமான துறை வேறில்லை. மேற்கோள்களையும் நூற்பட்டியலையும் குறிப்பதற்கு அமெரிக்காவில் எம்.எல்.ஏ. முறையும் பிரிட்டனில் பெரும்பாலும் எம்.எச்.ஆர்.ஏ. முறையும் வழக்கம். எம்.எல்.ஏ. கையேட்டின் ஒன்பதாம் பதிப்பு 2021இல் வந்தது. பழைய பதிப்பின்படி எழுதிய கட்டுரையை அதற்கேற்பச் சரிசெய்துகொள்ளுங்கள். செயற்கை நுண்ணறிவுக் கருவிகளைப் பற்றி ஒவ்வொரு பல்கலைக்கழகமும் தன் விதியை வெளியிடுகிறது. படிவத்தில் உறுதிமொழி கேட்கும் இடங்களும் உண்டு. விதி எதுவாயினும், உங்கள் எழுத்தை மதிப்பிடும் துறைக்கு உங்களுடையதல்லாத எழுத்தை அனுப்புவதில் அர்த்தமில்லை.

நோக்க அறிக்கையும் ஆய்வு முன்மொழிவும்

சிறுவயதிலிருந்தே புத்தகங்கள்மீது காதல் என்று தொடங்காதீர்கள். அந்தக் காதல் இல்லாதவர் எவரும் இந்தப் படிவத்தைத் திறந்திருக்க மாட்டார். முதல் பத்தியிலேயே உங்கள் கேள்வியை வைத்துவிட்டு, அது எந்த வாசிப்பிலிருந்து, எந்தக் கட்டுரையை எழுதும்போது எழுந்தது என்று சொல்லுங்கள். மேலே சொன்ன வானொலி எடுத்துக்காட்டையே எடுத்துக்கொண்டால், 'அச்சில் படித்த சிறுகதையை அதன் வானொலி எழுத்துப்படியோடு ஒப்பிட்டபோது உரையாடல்கள் மாறியிருந்ததைக் கண்டேன்' என்ற ஒரு வாக்கியம், அரைப் பக்கத் தன்வரலாற்றைக் காட்டிலும் அதிகம் சொல்லிவிடும். அதன் பிறகு, அந்தக் கேள்வியைத் தொடர இதுவரை என்ன பயிற்சி பெற்றிருக்கிறீர்கள், எது இன்னும் குறைவாக இருக்கிறது, அந்தக் குறையை இந்தத் துறை எப்படி நிரப்பும் என்று எழுதுங்கள். குறையைச் சொல்வது பலவீனமாகத் தெரியும் என்று அஞ்சவேண்டாம். எல்லாம் தெரிந்தவருக்குப் படிப்பு எதற்கு?

துறையைப் பற்றிய பத்தியைத்தான் பலர் பெயர்களை மாற்றிப் பத்து இடங்களுக்கும் அனுப்புகிறார்கள். பெயரை மாற்றினால் வேறு இடத்துக்கும் பொருந்துகிறது என்றால், அந்தப் பத்தி எந்த இடத்துக்கும் பொருந்தவில்லை என்று பொருள். இரண்டு பேராசிரியர்கள், ஒரு பாடம், ஒரு காப்பகமோ ஆய்வு மையமோ, இவ்வளவு போதும். ஒவ்வொன்றும் உங்கள் கேள்வியோடு எப்படி இணைகிறது என்பதைச் சொல்லவேண்டும்.

தாய்மொழி ஆங்கிலமல்லாதவர்கள் தங்கள் மொழியறிவை ஒளித்துவைப்பது எனக்கு என்றும் விளங்காத ஒன்று. அமெரிக்க முனைவர் பட்டப் படிப்புகள் பலவற்றில் ஆங்கிலம் தவிர ஒன்றோ இரண்டோ மொழிகளில் வாசிப்புத் திறனைக் காட்டவேண்டும் என்ற விதி இருக்கிறது. மொழிபெயர்ப்பு, உலக இலக்கியம், காலனியக் கால அச்சு வரலாறு போன்ற ஆய்வுகளில் இரண்டாம் மொழியில் மூலங்களைப் படிக்கத் தெரிந்தவரின் இடத்தை வேறு எவராலும் நிரப்ப முடியாது. அதை அறிக்கையில் ஒரு வரியாவது சொல்லுங்கள்.

முன்மொழிவு என்பது பிரிட்டன், ஆஸ்திரேலியா போன்ற இடங்களில் முனைவர் பட்டத்துக்குக் கேட்கப்படுவது. பொதுவாக 1,000 முதல் 1,500 சொற்கள். அங்கே ஆய்வேடு 80,000 முதல் 1,00,000 சொற்கள். மூன்று நான்கு ஆண்டுகளில் முடிக்கவேண்டும். ஆகவே முன்மொழிவைப் படிப்பவர் மனத்தில் ஓடும் கேள்வி, 'இது சுவையானதா' என்பதோடு, 'இந்தக் காலத்துக்குள் முடியுமா' என்பதும்தான். எத்தனை எழுத்தாளர்கள், எந்த ஆண்டிலிருந்து எந்த ஆண்டுவரை, எந்தக் காப்பகத்துக்கு எப்போது போவீர்கள் என்று திட்டவட்டமாகச் சொல்லுங்கள். முந்தைய ஆய்வாளர்களைப் பற்றிய பகுதியில் 'இதுவரை யாரும் ஆராயவில்லை' என்று எழுதுவதைத் தவிர்த்துவிடுங்கள். பெரும்பாலும் யாரோ ஆராய்ந்திருப்பார்கள், சில வேளைகளில் அவரே உங்கள் முன்மொழிவைப் படிப்பவராகவும் இருப்பார்.

பரிந்துரைக் கடிதங்கள்

பிரிட்டனில் இரண்டு அல்லது மூன்று, அமெரிக்காவில் மூன்று. உங்கள் கட்டுரைகளைத் திருத்தியவரிடம் கேளுங்கள். பதவி உயர்ந்தவர் என்பதற்காக உங்களை அறியாத துறைத்தலைவரிடமோ முதல்வரிடமோ கேட்காதீர்கள். 'இவர் வகுப்புக்கு ஒழுங்காக வந்தார், நல்ல நடத்தை உடையவர்' என்ற கடிதம் தீங்கு செய்யாது, நன்மையும் செய்யாது. குழு எதிர்பார்ப்பது, இந்த மாணவர் இன்ன பிரதியைப் பற்றி எழுதிய இன்ன கட்டுரையில் இன்னதைக் கண்டுபிடித்தார் என்ற சாட்சியம். அதை எழுத ஆசிரியருக்கு நினைவு வேண்டுமே! எனவே கடைசித் தேதிக்கு ஆறு வாரத்துக்கு முன்பே உங்கள் பழைய கட்டுரைகளையும், நோக்க அறிக்கையின் வரைவையும், எந்தெந்தப் பல்கலைக்கழகம் எந்தத் தேதியில் கேட்கிறது என்ற பட்டியலையும் ஒரே கோப்பாகக் கொடுத்துவிடுங்கள். கடிதத்தை நீயே எழுதிக் கொண்டுவா, கையெழுத்திடுகிறேன் என்று சொல்லும் ஆசிரியர்கள் உண்டு. பணிவாக மறுத்து, வேண்டிய குறிப்புகளைத் தருகிறேன் என்று சொல்லிப் பாருங்கள். மூன்று கடிதங்களும் ஒரே நடையில் இருந்தால் அனுபவமுள்ளவர் கண்டுகொள்வார்.

கடிதங்களை ஆசிரியரே இணையவழிப் பதிவேற்றவேண்டும். நிறுவனத்தின் மின்னஞ்சல் முகவரி இல்லாதவரின் கடிதத்தைச் சில இடங்கள் சந்தேகத்தோடு பார்க்கின்றன. அமெரிக்கப் படிவங்களில், கடிதத்தைப் பார்க்கும் உரிமையை விட்டுக்கொடுக்கிறீர்களா என்ற வினா வரும். மாணவர் பதிவுகளைப் பற்றிய 1974ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றிலிருந்து வரும் உரிமை அது. விட்டுக்கொடுப்பதே வழக்கம், விட்டுக்கொடுக்காதவரின் கடிதத்துக்கு எடை குறைந்துவிடும்.

தேர்வுகளும் சான்றிதழ்களும்

அமெரிக்க மேற்படிப்புச் சேர்க்கைக்கான ஜி.ஆர்.இ. தேர்வுகளில், ஆங்கில இலக்கியத்துக்கெனத் தனியே நடந்துவந்த பாடத்தேர்வு 2021இல் நிறுத்தப்பட்டுவிட்டது. பழைய வழிகாட்டிகளைப் படித்துவிட்டு அதற்குத் தயாரிப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பொது ஜி.ஆர்.இ. தேர்வையும் பெரும்பாலான ஆங்கிலத் துறைகள் கைவிட்டுவிட்டன. ஒவ்வொரு துறையின் பக்கத்திலும் உறுதிசெய்துகொண்டு பணத்தை மிச்சப்படுத்துங்கள். ஆங்கிலத் திறனைச் சோதிக்கும் ஐ.இ.எல்.டி.எஸ். கல்விசார் தேர்வில் இலக்கியத் துறைகள் பிற துறைகளைவிட உயர்ந்த மதிப்பெண்ணைக் கேட்கும், 7.0 அல்லது 7.5, அதோடு எழுத்துப் பகுதிக்குத் தனி வரம்பு. முடிவு இரண்டு ஆண்டுகள் செல்லும். பட்டப்படிப்பு முழுவதும் ஆங்கில வழியில் படித்தவர்களுக்கு விலக்கு உண்டா என்று கேட்டுப்பாருங்கள். ஆனால் பல்கலைக்கழகம் விலக்கு அளித்தாலும் விசா அதிகாரிகள் தனியே கேட்கும் நாடுகள் உண்டு.

மதிப்பெண் சான்றிதழ்களின் அதிகாரபூர்வப் படியைப் பெறுவது பல இடங்களில் வாரக்கணக்கில் இழுக்கும் வேலை. ஆகஸ்டிலேயே தொடங்கிவிடுங்கள்.

பணம்

பிரிட்டனில் வெளிநாட்டு மாணவருக்கான ஓராண்டு முதுகலைக் கட்டணம் பெரும்பாலும் 20,000 பவுண்டுக்கு மேல். வாழ்க்கைச் செலவு தனி. இலக்கிய முதுகலைக்காகப் பெருங்கடன் வாங்குவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஆங்கில இலக்கியப் பேராசிரியர் பணியிடங்கள் அமெரிக்காவில் 2008க்குப் பிறகு வெகுவாகக் குறைந்துவிட்டன. பட்டத்தைக் கொண்டு கடனை விரைவில் அடைக்கலாம் என்ற கணக்கு இத்துறையில் செல்லுபடியாவதில்லை. அதே காரணத்துக்காக, நிதியுதவி இல்லாமல் முனைவர் பட்டத்துக்கு அழைப்பு மட்டும் வந்தால், அதை நாகரிகமான மறுப்பாகவே எடுத்துக்கொள்ளுங்கள். நிதி நெருக்கடியால் சேர்க்கையையே நிறுத்தும் துறைகளும் உள்ளன: 2025-26ஆம் ஆண்டுக்குப் பாஸ்டன் பல்கலைக்கழகம் ஆங்கிலம் உட்படப் பல துறைகளில் முனைவர் பட்டச் சேர்க்கையை நிறுத்திவைத்தது. கட்டணம் செலுத்துவதற்கு முன், அந்த ஆண்டு சேர்க்கை உண்டா என்று பாருங்கள்.

உதவித்தொகைகளின் நாட்காட்டி பல்கலைக்கழகங்களின் நாட்காட்டிக்கு முன்னால் ஓடுகிறது. பிரிட்டிஷ் அரசின் செவனிங் உதவித்தொகைக்கு ஆகஸ்டில் விண்ணப்பம் திறக்கும். இரண்டு ஆண்டுப் பணி அனுபவம் கேட்பார்கள், மூன்று படிப்புகளைத் தேர்ந்தெடுக்கச் சொல்வார்கள், முடித்தபின் இரண்டு ஆண்டுகள் சொந்த நாட்டில் இருக்கவேண்டும். ஆக்ஸ்போர்டின் கிளாரண்டன் நிதிக்குத் தனி விண்ணப்பம் இல்லை; டிசம்பர் அல்லது ஜனவரியில் வரும் உரிய கடைசித் தேதிக்குள் படிப்புக்கு விண்ணப்பித்தவர்கள் தாமாகவே பரிசீலிக்கப்படுவார்கள். கேம்பிரிட்ஜின் கேட்ஸ் உதவித்தொகைக்கு அதே படிவத்தில் தனிப்பகுதியை நிரப்பி, கூடுதலாக ஒரு பரிந்துரையும் பெறவேண்டும். ஆக்ஸ்போர்டில் படிப்பதற்கான ரோட்ஸ் உதவித்தொகைக்கு நாட்டுக்கு நாடு வயது வரம்பும் தேதியும் மாறும். காமன்வெல்த் உதவித்தொகை வளர்ச்சிக் கருப்பொருள்களை மையமாகக் கொண்டது. இலக்கியத்தை அதற்குள் பொருத்துவது கடினம் என்றாலும், கல்வி, மொழி, பண்பாட்டு மரபு போன்ற வழிகளில் முயன்று பார்க்கலாம். பிரிட்டனின் ஆய்வு மன்றங்கள் 2021 முதல் தங்கள் முனைவர் பட்ட இடங்களில் 30 விழுக்காடு வரை வெளிநாட்டினருக்குத் தருகின்றன. அதற்கும் ஜனவரிக்குள் விண்ணப்பித்திருக்கவேண்டும்.

விண்ணப்பக் கட்டணமே பல இடங்களுக்குச் சேர்த்தால் பெரிய தொகையாகிவிடும். பல அமெரிக்கத் துறைகள் கட்டண விலக்குத் தருகின்றன. ஆனால் சமர்ப்பிப்பதற்கு முன்பே கேட்கவேண்டும், செலுத்திய பின் திரும்பக் கிடைக்காது.

முடிவு வந்த பின்

அமெரிக்கப் படிவங்கள் டிசம்பர் தொடக்கத்திலிருந்து ஜனவரி நடுப்பகுதிக்குள் முடிந்து, பதில்கள் பிப்ரவரி முதல் வரும். நிதியுதவியுடன் வரும் அழைப்புக்கு ஏப்ரல் 15 வரை பதில் சொல்லாமல் இருக்கலாம் என்று பெரும்பாலான பல்கலைக்கழகங்கள் தங்களுக்குள் உடன்பட்டிருக்கின்றன. அதற்கு முன்பே அவசரப்படுத்தினால் அந்த உடன்பாட்டை நினைவூட்டுங்கள். அந்த இடைவெளியில், அங்கே இப்போது படிக்கும் மாணவர்களிடம் உதவித்தொகை கோடை மாதங்களுக்கும் வருகிறதா, ஐந்தாம் ஆண்டுக்குப் பின் என்ன ஆகிறது, நெறியாளர் வரைவுகளை எவ்வளவு நாளில் திருப்பித் தருகிறார் என்று கேட்டுவிடுங்கள். இவற்றுக்கான விடைகள் எந்த இணையதளத்திலும் இருக்காது.

பிரிட்டனுக்கு, நிபந்தனைகள் நிறைவேறிய பின் சேர்க்கையை உறுதிப்படுத்திப் பல்கலைக்கழகம் தரும் சி.ஏ.எஸ். எண்ணைக் கொண்டு விசாவுக்கு விண்ணப்பிக்கவேண்டும். வங்கிக் கணக்கில் உரிய தொகை தொடர்ந்து 28 நாட்கள் இருந்திருக்கவேண்டும். இடையில் ஒருநாள் குறைந்தாலும் மறுக்கப்படலாம். கற்பித்தல் முறை முதுகலை மாணவர்கள் 2024 ஜனவரி முதல் குடும்பத்தினரை உடன் அழைத்துச் செல்ல முடியாது. படித்து முடித்தபின் தங்கி வேலை தேடும் காலமும், 2027 ஜனவரி முதல் விண்ணப்பிப்பவர்களில் முதுகலை முடித்தோருக்கு இரண்டு ஆண்டிலிருந்து 18 மாதமாகக் குறைகிறது. அமெரிக்காவுக்கு, பல்கலைக்கழகம் அனுப்பும் ஐ-20 படிவம் வந்ததும், வெளிநாட்டு மாணவர் பதிவுக்கான செவிஸ் கட்டணம் 350 டாலரைச் செலுத்திவிட்டு விசா நேர்காணலுக்குத் தேதி வாங்குங்கள். அங்கே உங்கள் ஆய்வைப் பற்றி இரண்டு எளிய வாக்கியங்களில் சொல்லத் தெரிந்திருக்கவேண்டும்.

ஏற்றுக்கொள்ளாத இடங்களுக்கு உடனே மறுப்பை எழுதிவிடுங்கள். காத்திருப்போர் பட்டியலில் இருக்கும் வேறொருவருக்கு அந்த இடமும் நிதியும் போய்ச்சேரும். பரிந்துரை எழுதிய ஆசிரியர்களுக்கும், எந்த இடம் கிடைத்தது, எவை கிடைக்கவில்லை என்று தெரிவியுங்கள். முதுகலைக்குப் போகிறவர்களுக்கு அடுத்த டிசம்பரிலேயே அவர்களுடைய கடிதம் மறுபடியும் தேவைப்படலாம்.